கூர்முனை உதவி

எங்கள் துறையில் நோய்களை ஒழிக்க ஒன்பது பிரிவுகள் இருக்கின்றன. நோய்களின் பெயர்களை ஒழிக்க ஒரே ஒரு பிரிவு. நான் வேலை பார்ப்பது அந்த ஒன்றில். மற்ற ஒன்பதும் வருஷக்கணக்கில் மூச்சு முட்ட உழைத்து ஒரு கிருமியைக்கூட முழுசாக ஒழித்ததில்லை. நாங்கள் பதினோரு மாதத்தில் நாற்பத்தொரு சொற்களை ஒழித்துக் கட்டினோம். அதற்காக எங்களுக்கு ஒரு விருதும் கொடுத்தார்கள். அந்த விருது எப்படி வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லும்போது எனக்கு வயிறு எரியும், நடுவில் கொஞ்சம் கத்தினாலும் கத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இயக்குநர் மூன்று நாள் மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது ஒரு பையுடன் போனவர், வரும்போது இரண்டு பைகளும் ஒரு கண்டுபிடிப்புமாக வந்தார். மறுநாளே எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்.

"நோய் ஒருத்தனைக் கொல்ல பத்து வருஷம் எடுத்துக்குது. ஒரு சொல் பத்து விநாடியில கொன்னுடுது" என்று ஆரம்பித்தார். "இத்தனை நாளா நாம நோயைத் துரத்திக்கிட்டு ஓடினோம். பிடிக்க முடிஞ்சுதா? முடியலை. சொல் அப்படியில்லை. நம்ம பேப்பர்லயே இருக்கு, நம்ம கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. அடிச்சா அழிஞ்சுபோயிடும். கையில அகப்படறதை முதல்ல பிடிப்போம்யா."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பொய் சொல்லக்கூடாது, மனசாரத்தான் தட்டினேன். ஏனென்றால் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளச் சிகிச்சைக் கூடத்தில் நடப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன். கூடம் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும். நர்ஸம்மா வாசலில் நின்று, "ஊசி கேஸெல்லாம் ஓரமா நில்லுங்க! மத்தவங்க மேல படாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவார். நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பும். போதை ஊசி போட்டுக்கொண்டு, அதனால் ரத்தத்தில் கிருமி வந்து, எத்தனையோ நாள் தயங்கி ஒருவழியாக வாசல்வரை வந்தவர்கள், அந்தக் குரலைக் கேட்டதும் பக்கத்துக் கதவு வழியாக நழுவிப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் பலரை நான் மறுபடி பார்த்ததே இல்லை.

அதனால், "புண்படுத்தாச் சொல் பிரிவு" என்று ஒன்றைத் தொடங்கி, அதில் என்னை உட்கார்த்திச் சிவப்பு மை பேனா ஒன்றும் முத்திரை ஒன்றும் கொடுத்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. துறையை விட்டு எந்தக் காகிதம் வெளியே போனாலும் என் முத்திரை விழுந்தால்தான் போகும். "இதில் புண்படுத்தும் சொல் எதுவும் இல்லை" என்பது முத்திரையின் வாசகம்.

நோயாளியை 'அன்பர்' ஆக்கினோம். போதையை 'மாற்று மனநிலை' ஆக்கினோம். அடிமை என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நெருங்கிய தொடர்பாளர்' என்று வைத்தோம். இதுவரை பழுதில்லை. பிறகு ஊசிக்கு வந்தோம்.

"சார், ஊசி எல்லாருக்கும் போடறதுதானே? காய்ச்சலுக்குப் போடறோம், குழந்தைங்களுக்குப் போடறோம்" என்றார் இளம் மருத்துவர் ஒருவர்.

"குழந்தை காதுல அந்தச் சொல் விழறதுதான்யா ஆபத்தே" என்றார் இயக்குநர். மருத்துவர் உட்கார்ந்துவிட்டார். மாற்றுச் சொல் யோசிக்கும்படி என்னைப் பார்த்தார் இயக்குநர். நான் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "கூர்முனை உதவி" என்றேன். ஆமாம், அந்தப் பெயரை வைத்த மகானுபாவன் நான்தான். இயக்குநர் எழுந்து வந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அந்த வாரமே தடுப்பூசிச் சுவரொட்டிகளைக் கிழித்துவிட்டு, 'உங்கள் குழந்தைக்கு இன்றே கூர்முனை உதவி பெறுங்கள்' என்று புதிதாக ஒட்டினோம். ஒரு தாய்கூட வரவில்லை. ஒரே ஒரு ஆள் வந்து, அரிவாள்மனைக்கும் இந்த உதவி உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார். மேல்மாடி வார்டில் மருத்துவர் ஒருவர் மறந்துபோகாமல் விதிப்படி, "சிஸ்டர், இவருக்குக் கூர்முனை உதவி பண்ணுங்க" என்று சொல்ல, கட்டிலில் படுத்திருந்தவர் போர்வையோடு எழுந்து ஓடினார். மாடிப்படியில்தான் அவரைப் பிடித்தார்கள்.

இந்த லட்சணத்தில் நாங்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அக்கா வந்தாள்.

ஓட்டல் ஒன்றின் சலவை அறையில் இஸ்திரி போடுகிறவள். முன்கை இரண்டிலும் பழைய சூட்டுத் தழும்புகள். அவளுக்கு ஒரே தம்பி. 'சின்னவன்' என்றுதான் சொல்வாள். கட்டடங்களில் லிஃப்ட் மாட்டும் வேலை பார்த்தவன். ஒருநாள் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. வலி தெரியாமலிருக்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஆறு மாதத்தில் வலி போய்விட்டது. ஊசி போகவில்லை. பிறகு அவனே வாங்கி, அவனே போட்டுக்கொள்ள ஆரம்பித்தான்.

"ரெண்டு வருஷம் முந்தி ஒரு தடவை இங்கதான் சார் கூட்டிட்டு வந்தேன். வாசல்லயே அந்தம்மா 'ஊசி கேஸ்'னு கத்தினாங்க. அப்படியே திரும்பிட்டான். அன்னையிலிருந்து கெஞ்சறேன், காலைப் பிடிக்காத குறை. இப்பதான் ஒத்துக்கிட்டான். இங்க இப்ப மரியாதையா பேசறாங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள்.

கீழே கூடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம். சட்டை மட்டும் அவனைவிடப் பெரிசு. நர்ஸம்மா வந்து, "அன்பரே, உள்ளே வாங்க" என்றார். குரல் தேனாகத்தான் இருந்தது. ஆனால் அவன் உட்காரவேண்டிய நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அவனுடைய காகிதத்தை ஓர் ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"பேச்சு மாறிடுச்சு அக்கா, மூஞ்சி மாறலை" என்று அவன் சிரித்தான். ஆனாலும் உட்கார்ந்தான். ரத்தம் எடுக்கக் கையை நீட்டினான். முடிவு வந்தது. கிருமி இருந்தது, உடம்பில் எதிர்க்கும் சக்தி அநேகமாக இல்லை. "இந்த வாரமே மாத்திரை ஆரம்பிச்சாகணும். தினம் ஒண்ணு. ஒழுங்கா சாப்பிட்டா எல்லாரையும் போல ஆயுசோட இருக்கலாம். தள்ளிப்போட்டா நுரையீரல்ல ஏதாவது வந்து பிடிச்சுக்கும்" என்று மருத்துவர் அக்காவிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். அந்தப் படிவம் எங்கள் பிரிவுக்கு வந்து, முத்திரை வாங்கி, தலைமையகத்தில் பதிவு எண் விழுந்து வந்தால்தான் மருந்து ஜன்னலில் மாத்திரை தருவார்கள்.

படிவத்தில், கிருமி எப்படி வந்தது என்று ஒரு கேள்வி. அக்கா முத்து முத்தான எழுத்தில், 'ஊசியால்' என்று எழுதியிருந்தாள். நான் என்ன செய்தேன்? என் வேலையைச் செய்தேன். சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'புண்படுத்தும் சொல். திருத்தி எழுதவும்' என்று திருப்பி அனுப்பினேன்.

அவள் மாடியேறி வந்தாள். "யாரை சார் புண்படுத்துது?"

"உங்க தம்பியைத்தான் அக்கா."

"அவன்தானே சார் இதை எழுதச் சொன்னான்?"

பட்டியலைப் பார்த்துச் சரியான சொற்களை நானே சொன்னேன். அவள் அதை அப்படியே எழுதினாள்: 'கூர்முனை உதவியின் நெருங்கிய தொடர்பாளர்.' முத்திரையைக் குத்தினேன். அவள் இரண்டு கையாலும் கும்பிட்டாள்.

தலைமையகத்தில் காகிதங்களைப் பிரித்து அனுப்புகிறவருக்கு எங்கள் பட்டியல் போய்ச் சேரவில்லை. அவர் பாவம், 'கூர்முனை' என்பதைப் படித்து, மூளையைக் கசக்கி, தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்துச் சின்னவனுக்குக் கடிதம் வந்தது. தையல் வகுப்பில் அவனுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊசி நூலுடன் வரவேண்டும். அந்த நிலையம் எங்கள் துறையில் சேராது. அதனால் அவர்கள் ஊசியை ஊசி என்றே எழுதியிருந்தார்கள்.

அக்கா என்ன நினைத்தாள் தெரியுமா? இதுவும் ஒரு முறை போலிருக்கிறது, இதை முடித்தால்தான் மாத்திரை தருவார்கள் என்று நினைத்துவிட்டாள். எங்களோடு பழகினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் இரண்டு நாள் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்தான். மூன்றாம் நாள் தையல் மாஸ்டரிடம், "மாத்திரை எப்ப சார் தருவீங்க?" என்று கேட்டான். அவர் விழித்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தானும் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு, கடிதத்தின் பின்பக்கம் 'தவறுதலாக இங்கு வந்தது' என்று எழுதிக் கொடுத்தார். இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருத்தர்தான்.

அதற்குள் எங்களுக்கு வேறு தலைவலி வந்துவிட்டது. 'அன்பர்' என்ற சொல் கெட்டுப்போய்விட்டது.

யாரை அன்பர் என்கிறோம் என்று ஊருக்குப் புரிய ஒரு மாதம்கூட ஆகவில்லை. தெருச் சண்டையில், "போடா அன்பரே!" என்று திட்டிக்கொண்டார்கள். 'அன்பரே' என்று தொடங்கி யாரோ எழுதிய கடிதத்தால் ஓர் அலுவலகத்தில் கைகலப்பே வந்தது. அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவளைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல அன்பர் ஒருத்தர் இருக்காராமே? தப்பா நினைக்காதீங்கம்மா. எனக்கு அன்பர்னா ஒரு வெறுப்பும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஒரு மாதிரி நினைக்கறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார். பழைய சொல்லால் சொல்லியிருந்தாலாவது அவள் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் என்னத்தைத் திருப்பிச் சொல்வது? தம்பியைக் கூட்டிக்கொண்டு, ஜன்னல் இல்லாத ஓர் ஒற்றை அறைக்குப் போனாள்.

இயக்குநர் மறுபடி கூட்டம் போட்டார். "நாம சுத்தமான சொல் ஒண்ணு கொடுத்தோம். சமூகம் அதை அழுக்காக்கிடுச்சு. நம்ம மேல தப்பே இல்லை. இனி எந்தச் சொல்லும் கொடுக்கப்போறதில்லை. அந்த இடத்துல ஒரு கோடு போடுங்க. கோடு யாரையும் புண்படுத்தாது."

அன்றிலிருந்து எல்லாப் பதிவேட்டிலும் நோயாளி என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. நோய் என்ற இடத்தில் இன்னொரு கோடு. எப்படி வந்தது என்ற இடத்தில் மூன்றாவது கோடு. நர்ஸம்மா வாயைத் திறப்பதையே விட்டுவிட்டு மோவாயால் கூப்பிட ஆரம்பித்தார். மாதக் கடைசியில் கணினியில் கூட்டிப் பார்த்தார்கள். கணினிக்குக் கோட்டை எண்ணத் தெரியாது. மொத்தம்: பூஜ்யம்.

இயக்குநர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பூஜ்யத்தை நான் பார்த்ததில்லைய்யா" என்றார்.

எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். நாக்கு நுனிவரைக்கும் வந்ததை விழுங்க முடியாமல் சொல்லியே விட்டேன். "சார், அது எண்ணிக்கை இல்லை. வெறும் கோடு."

"கோட்டுக்குள்ள யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"யாரு? புண்படுத்தாம சொல்லு பார்க்கலாம்."

நான் நின்றேன். நாற்பத்தொரு சொற்களையும் ஒழித்தவன் நான்தானே. எதைக் கொண்டு சொல்வது? அவர் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு, "பார்த்தியா? யாருமில்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பூஜ்யம் தலைமையகத்துக்குப் போனது. அங்கிருந்து இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது, எங்கள் துறைக்கு விருது. இரண்டாவது, ஆளே இல்லாத ஊருக்கு மாத்திரை எதற்கு, கிருமி பரவாமலிருக்க இலவசமாகத் தரும் சுத்தமான ஊசிப் பொட்டலங்கள் எதற்கு, இருப்பை உடனே திருப்பி அனுப்பவும். மருந்து ஜன்னல்காரர் பெட்டிகளைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, 'தேவை இல்லாததால் மூடப்பட்டுள்ளது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார்.

அக்கா தையல் மாஸ்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு வந்தபோது அந்த அட்டை ஆடிக்கொண்டிருந்தது. சின்னவனுக்கு இருமல் பிடித்திருந்தது. மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டான். நான் அவளிடம் புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்து, எந்த இடத்திலும் ஒன்றும் எழுதவேண்டாம், கோடு மட்டும் போடுங்கள் என்றேன்.

"ஒண்ணுமே எழுதாம கொடுத்தா அவனுக்கு என்னன்னு அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"இப்ப அதான் முறை, அக்கா."

"பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போறேன் சார். ஒரு கடிதம் கொடுங்க."

"பதிவு எண் இருந்தாத்தான் அக்கா வெளியூருக்குக் கடிதம் தர முடியும். எண் வரட்டும்."

அவள் கோடு போட்டாள். இஸ்திரி மடிப்பு மாதிரி நேராக, அழகாகப் போட்டாள். அந்தப் படிவத்துக்கு எந்த எண்ணும் வரவில்லை. கோட்டுக்கு எப்படி எண் விழும்? சுத்தமான ஊசியும் கிடைக்காமல் அவன் பழைய ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று ஒரு நாள் சொன்னாள். இன்னொரு நாள், தட்டைக் கையில் பிடிக்க முடியவில்லை, நான்தான் ஊட்டிவிடுகிறேன் என்றாள். நாலு தடவை வந்தாள். நாலு தடவையும் "பார்க்கலாம் அக்கா" என்றேன். என்னத்தைப் பார்த்தேன்? சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சின்னவன் போய்விட்டான். மூச்சு வாங்க முடியாமல் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டே போனானாம். மாலையில் எல்லாம் முடிந்து, அவள் அறைக்குத் திரும்பி அவன் படுக்கையை மடித்திருக்கிறாள். துணி எதைத் தொட்டாலும் உள்ளங்கையால் அழுத்தி நீவிவிடுவது அவள் தொழில் பழக்கம். தலையணை உறைக்குள் அவன் போட்டுக்கொண்ட கடைசி ஊசி இருந்தது. நீவிய வேகத்தில் உள்ளங்கையில் ஆழமாக ஏறிவிட்டது.

வியாழக்கிழமை காலை கையில் துணி சுற்றிக்கொண்டு என் முன்னால் நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. தம்பி போனதை அப்போதுதான் சொன்னாள். ஊசி ஏறியதையும் சொன்னாள். "மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா கிருமி ஒட்டாதுன்னு கீழ டாக்டர் சொன்னார் சார். இங்க மாத்திரை இல்லையாம். பெரிய ஆஸ்பத்திரியில இருக்காம். சொந்த ஊர்லேருந்து கடிதம் கொண்டுவரணுமாம். கையில ஏறினது விபத்தாம், அதுக்குப் பதிவு எண் வேண்டாமாம்."

மூன்று நாள் என்றால் வெள்ளி மாலை ஐந்து மணி. பஸ்ஸில் போக நாலு மணி நேரம். கடிதத்தில் எழுதவேண்டியது மூன்று சொல்: ஊசி குத்தியது, அவசரம். என் கையில் பேனா இருந்தது, மேசையில் முத்திரை இருந்தது. மறுநாள் விருது விழா. அந்த நேரத்தில் எங்கள் முத்திரையோடு 'ஊசி' என்ற சொல் வெளியே போய், அது இயக்குநர் காதுக்கு எட்டினால் என் வேலை என்ன ஆகும் என்று யோசித்தேன். வீடு, பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் அவர்கள் தவறாமல் வந்துவிடுவார்கள். நான் இப்படி எழுதினேன்: 'இவருடைய உள்ளங்கைக்கு எதிர்பாராத விதமாகக் கூர்முனை உதவி கிடைத்துள்ளது. ஆவன செய்யவும்.'

முத்திரை குத்தி நீட்டினேன். அவள் படித்துப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அங்கே கடிதத்தைப் படித்தவர்கள் சிரித்தார்களாம். கைக்கு உதவி கிடைத்திருந்தால் நல்லதுதானே, எதற்கு வந்தாய் என்று கேட்டார்களாம். ஊசி ஏறிவிட்டது என்று அவள் வாயால் சொல்லியிருக்கிறாள். "நீ ஒண்ணு சொல்றே, பேப்பர்ல ஒண்ணு இருக்கு. எங்களுக்கு பேப்பர்தான் முக்கியம். திருத்தி வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திரும்பி வந்தாள். அலுவலகம் பூட்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் விழா மண்டபத்தில் இருந்தோம். விசாரித்துக்கொண்டு அங்கே வந்திருக்கிறாள். வாசலில் காவலாளி, அழைப்பிதழ் எங்கே, எந்தப் பிரிவு என்று கேட்டு நிறுத்திவிட்டான். நான் மேடையில் விருதுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பது தெரிந்தது. கையில் அந்தத் துணிச்சுற்று. இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு இந்த ஊர்ல ஒருத்தர்கூட இல்லைன்னு தலை நிமிர்ந்து சொல்றேன். எப்படிச் சாதிச்சீங்கன்னு கேக்கறாங்க. மாத்திரையாலயா? இல்லை. ஒரு மாத்திரைகூட நாங்க செலவழிக்கலை! அன்பால சாதிச்சோம். யாரையும் நாங்க எதுவும் சொல்லலை, எதுவும் கேக்கலை. அவங்க எங்க இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னுகூட விசாரிச்சுத் தொந்தரவு பண்ணலை. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன மரியாதை வேணும்?"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். தட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம். பத்துப் படிதான். அவருக்கு அடுத்து ஆறு பேர் பேசினார்கள். எல்லோருக்கும் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி வெளியே வந்தபோது மணி ஐந்தே கால்.

அவள் கோபப்படவில்லை. கடிதத்தை நீட்டி, "இது அவங்களுக்குப் புரியலை சார்" என்றாள். நான் விழா நிகழ்ச்சி நிரலைத் திருப்பி, அதன் பின்பக்கம் பெரிய எழுத்தில், 'உள்ளங்கையில் ஊசி குத்தியது. அவசரம்' என்று எழுதி, பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினேன். எழுத்து நன்றாகத்தான் விழுந்தது. அவள் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாள். அங்கே பணியிலிருந்த மருத்துவர் படித்துப் பார்த்து, "நேத்தே இப்படி எழுதியிருக்கலாமேம்மா, இனி கொடுத்துப் பிரயோஜனம் இல்லையே" என்றாராம். இதையும் அவள்தான் எனக்கு வந்து சொன்னாள். குத்திக்காட்டும் குரலில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். கிருமி இருந்தது. கீழ்த்தள மருத்துவர் இந்தத் தடவை கோடு போடமாட்டேன் என்று அடம்பிடித்து, பேனாவை அழுத்தி ஒரு 'ஒன்று' போட்டார். கணினி அதை எண்ணிவிட்டது.

"என் பூஜ்யம் போச்சேய்யா!" என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். பூஜ்யம் எப்படி ஒன்றாயிற்று என்று விளக்கம் கேட்டுத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. எழுதும் பொறுப்பு எனக்கு.

நான் எழுதினேன்: 'இவருடைய தம்பி எங்கள் படிவங்களால் இறந்தார். இவருக்கு இது எங்கள் கடிதத்தால் வந்தது. முதலில் எழுதியது யாருக்கும் புரியவில்லை. புரியும்படி எழுதியபோது நேரம் கடந்துவிட்டது. இரண்டையும் எழுதியவன் நான். முத்திரையும் என்னுடையது.'

வேலை போகட்டும் என்றுதான் எழுதினேன். இயக்குநர் பட்டியலை ஒரு கையிலும் என் கடிதத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு விரலால் தேடினார். தடை செய்த சொல் ஒன்றுகூட அதில் இல்லை. "பரவாயில்லையே, சுத்தமா இருக்கே" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. 'விளக்கம் எவரையும் புண்படுத்தாத கண்ணியமான நடையில் அமைந்துள்ளது. பிற ஊர் அலுவலகங்களுக்கும் மாதிரிக் கடிதமாக அனுப்பப்படுகிறது' என்று அதில் இருந்தது. கூடவே ஒருவருக்கான மாத்திரை டப்பா ஒன்றும் வந்தது.

அக்கா வந்து கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மருந்து ஜன்னல்காரர் டப்பாவை ஒரு அளவுகோலால் தள்ளிவிட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தினம் ஒன்று, ஒரே நேரத்தில், ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கவிழ்த்தாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவனுக்கும் இதே மாத்திரைதானா சார்?"

"இதேதான் அக்கா."

"இவ்ளோண்டா?" என்றாள். பிறகு, "நான் என்னமோ பெரிசா இருக்கும்னு நினைச்சேன் சார்" என்றாள்.